பாத்திரம் அறிதல்

பகவத்கீதை தன் 17-ஆம் அத்தியாயத்தில் தானத்தைப் பற்றிப் பேசுகிறது. கொடுக்கப்படும் பொருளின் அளவோ விலையோ அங்கே கணக்கில் கொள்ளப்படவில்லை. கொடுப்பவரின் மனநிலையை வைத்தே தானம் சாத்விகம், ராஜஸம், தாமஸம் என்று வகுக்கப்படுகிறது. சாத்விக தானத்துக்கு உரிய அளவுகோல்களாகத் தேசம், காலம், பாத்திரம் ஆகிய மூன்றும் சொல்லப்படுகின்றன. முதல் இரண்டைப் பற்றி அதிகக் குழப்பம் எழுவதில்லை. 'பாத்திரம்' என்ற மூன்றாவது சொல்லே ஊன்றிச் சிந்திக்கத் தக்கது.

பழைய உரையாசிரியர்கள் இச்சொல்லுக்குக் கல்வியும் ஒழுக்கமும் நிறைந்தவர் என்ற வகையில் பொருள் கூறினர். இன்று நடைமுறையில் அது வேறொரு கேள்வியாக மாறியிருக்கிறது. வாங்குகிறவர் உண்மையிலேயே ஏழையா? ஏமாற்றுகிறாரா? கொடுத்ததை வீணாக்கிவிடுவாரா? இவ்வாறு கேட்பது தவறன்று. ஆனால் ஆராய்ச்சி அங்கேயே நின்றுவிட்டால், கொடுப்பவர் நீதிபதியின் ஆசனத்திலும் வாங்குபவர் சாட்சிக் கூண்டிலும் இருக்க நேர்கிறது. அத்தகைய நிலையில் கைம்மாறு கருதாமை என்ற சாத்விக லட்சணம் எவ்வளவு காலம் நிலைக்கும்?

திருவள்ளுவர் 'ஈகை' அதிகாரத்துக்கு முன்னால் வைத்திருப்பது 'ஒப்புரவறிதல்'. ஒப்புரவு என்று மட்டும் தலைப்பிடாமல், 'அறிதல்' என்பதையும் சேர்த்திருக்கிறார். கொடுப்பதற்கு முன் அறிய வேண்டியது ஒன்று உண்டு. அதை அறிய வேண்டியவர் கொடுப்பவரே. பாத்திரம் அறிதல் என்பதைப் பெறுபவருக்கு வைக்கும் தேர்வாகக் கொள்ளாமல், கொடுப்பவர் பயில வேண்டிய பாடமாகக் கொண்டால் என்ன நிகழும் என்பதை ஒரு வாழ்க்கையில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். அந்த வாழ்க்கை அமெரிக்காவின் சிகாகோ நகரில், வேறொரு சமயச் சூழலில் நடந்தது. கீதையையோ குறளையோ அடிப்படையாகக் கொண்டு எழுந்ததன்று. அதனாலேயே அது தரும் சான்றுக்கு மதிப்பு அதிகம்.

ஜேன் ஆடம்ஸ் 1860-இல் இல்லினாய் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில், வசதி மிக்க ஆலை உரிமையாளரின் மகளாகப் பிறந்தார். இரண்டு வயதில் தாயை இழந்தார். 1881-இல் பட்டப்படிப்பை முடித்தார். அதே ஆண்டில் தந்தையும் காலமானார். பின்னர் எட்டு ஆண்டுகள் எதைச் செய்வது என்று தெரியாமல் கழிந்தன. உடல்நலம் குன்றியது, ஐரோப்பியப் பயணம், ஓவியக் கூடங்கள், இசை, நூல்கள் என்று காலம் சென்றது.

1883-இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவில் அவர் கண்ட காட்சி அவரை உலுக்கியது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. திங்கள் வரை தாங்காத, அழுகத் தொடங்கிய காய்கறிகளை வண்டிக்காரர்கள் ஏலம் கூறினர். கந்தல் உடுத்திய கூட்டம் காசுகளை நீட்டியது. முட்டைக்கோசு ஒன்றை ஏலத்தில் எடுத்தவர், அங்கேயே நடைபாதையில் அமர்ந்து அதைக் கழுவாமல், சமைக்காமல் கடித்துத் தின்னத் தொடங்கினார். அக்கணத்தில் ஆடம்ஸின் உள்ளத்தில் முதலில் எழுந்தது என்ன? தாம் படித்திருந்த ஆங்கிலக் கட்டுரை ஒன்றின் நினைவு! பசித்த மனிதர் ஒருவர் கண்ணெதிரே இருக்க, அவருக்கும் தமக்கும் இடையே ஒரு புத்தகம் வந்து நின்றதை எண்ணி அவர் வெட்கினார். ஏட்டறிவு திரையாகிவிடும் என்று வேதாந்தம் எச்சரிப்பது இத்தகைய கணங்களைக் குறித்தே எனலாம்.

லண்டனில் 1884-இல் தொடங்கப்பட்ட டாயின்பி ஹால் என்ற நிலையத்தில், பல்கலைக்கழகத்தில் பயின்ற இளைஞர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே குடியேறி வாழ்ந்தனர். 1888-இல் அதைப் பார்த்த பின்னர் ஆடம்ஸுக்கு வழி தெளிவாயிற்று. 1889 செப்டம்பர் 18 அன்று, தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவிலுள்ள பழைய மாளிகை ஒன்றில் குடிபுகுந்தார். சார்லஸ் ஹல் என்பவர் கட்டிய வீடு அது. ஆகவே அந்த நிலையம் ஹல் ஹவுஸ் என்று பெயர் பெற்றது. வீட்டின் அப்போதைய உரிமையாளர் ஹெலன் கல்வர் பின்னர் அதை வாடகையின்றியே வழங்கினார்.

சுற்றிலும் இத்தாலியர், ஜெர்மானியர், போஹீமியர், ஐரிஷ்காரர், ரஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த யூதர் என்று புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. ஹல் ஹவுஸில் தங்கிப் பணியாற்றிய தொண்டர்கள் தங்கள் உணவுக்கும் அறைக்கும் தாங்களே பணம் செலுத்தினர். அக்கம்பக்கத்துச் சிறுவர்களுக்கான மழலையர் பள்ளி முதல் சில வாரங்களிலேயே தொடங்கியது. பின்னர் குழந்தைகள் காப்பகம், சிறுவர் சங்கங்கள், பெரியவர்களுக்கு மாலை வகுப்புகள், நூலகம் ஆகியவை வந்தன. 1907 வாக்கில் பதின்மூன்று கட்டடங்கள் எழுந்திருந்தன. சிகாகோவின் செல்வந்தப் பெண்மணிகள் சிலர் ஆண்டுக்கணக்கில் பொருளுதவி செய்தனர். தத்துவ அறிஞர் ஜான் டூயி அங்கே அடிக்கடி வந்து உரையாடியதோடு, அதன் அறங்காவலர்களில் ஒருவராகவும் இருந்தார். 1931-இல் ஆடம்ஸுக்கு அமைதிக்கான நோபல் பரிசு வேறொருவருடன் பகிர்ந்து அளிக்கப்பட்டது. 1935-இல் அவர் காலமானார். அவருடைய பணியைத் தொடர்ந்த சங்கம் நிதி நெருக்கடியால் 2012-இல் மூடப்பட்டது. பழைய வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

இவை வெளிச் செய்திகள். சாதகர் கவனிக்க வேண்டியது, ஆடம்ஸ் தம் பிழைகளையும் மறைக்காமல் 1910-இல் வெளியிட்ட 'ஹல் ஹவுஸில் இருபது ஆண்டுகள்' என்ற நூலில் பதிவு செய்துள்ள உள்ளனுபவங்களை.

முதல் கிறிஸ்துமஸ். குழந்தைகளுக்கு மிட்டாய் வழங்கப்பட்டது. சில சிறுமிகள் மட்டும் வேண்டாம் என்று மறுத்தனர். தாங்கள் மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும், அதைக் காணவே பிடிக்கவில்லை என்றும் கூறினர். விசாரித்தபோது, ஆறு வாரங்களாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை அவர்கள் உழைத்திருந்தது தெரியவந்தது. பண்டிகைக் காலத்துக்குப் போதிய மிட்டாய் வேண்டுமல்லவா!

இந்நிகழ்ச்சியில் கொடுத்தவர்களின் நோக்கத்தில் குறையில்லை. கைம்மாறு கருதவில்லை, அன்போடு கொடுத்தனர். தேசமும் காலமும் பொருத்தமானவையே. ஆயினும் அந்த மிட்டாய் தானமாகவில்லை. குழந்தைகளின் உழைப்பே உருமாறி அவர்களிடம் பரிசாகத் திரும்பி வந்தது. கொடுப்பவர் பாத்திரத்தை அறியவில்லை. அச்சிறுமிகள் மறுத்த பிறகே அறிந்தார்.

உணவிலும் இதே பாடம் கிடைத்தது. அக்கம்பக்கத்தாருக்குச் சத்தான உணவை மலிவாக வழங்கும் பொருட்டு, விஞ்ஞான முறைப்படி சமைக்கும் பொதுச் சமையற்கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. மக்கள் அதை விரும்பவில்லை. அவரவர் நாட்டு ருசி அவரவர்க்கு. ஆனால் அதே இடத்தில் வைத்த காப்பிக் கடை, மக்கள் கூடிப் பேசும் இடமாக நன்கு வளர்ந்தது. பிறர் எதை உண்ண வேண்டும் என்று தீர்மானிப்பதில் தொண்டர்களுக்கு இயல்பாகவே ஒரு ருசி இருக்கிறது. அதை அடக்குவது நாவடக்கத்தைவிடக் கடினம்.

கேட்டு அறிந்ததன் பயனாக எழுந்தது குழந்தைகள் காப்பகம். தாய்மார் வேலைக்குச் சென்றபின் வீட்டில் தனித்து விடப்பட்ட மூன்று குழந்தைகளை ஹல் ஹவுஸ் அறிய நேர்ந்தது. ஒரு குழந்தை மேல்மாடி ஜன்னலிலிருந்து விழுந்திருந்தது. மற்றொன்று தீக்காயம் பட்டிருந்தது. மூன்றாவது, பகல் முழுவதும் சமையலறை மேசைக் காலில் கட்டி வைக்கப்பட்டு, மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பு வளைந்துபோயிருந்தது. தூரத்திலிருந்து பார்ப்பவர் அத்தாயைக் கொடியவள் என்பார். அருகில் வாழ்பவருக்கோ, தீயும் தெருவும் அணுகாமல் குழந்தையைக் காக்க அவள் கையில் இருந்தது அந்தக் கயிறு ஒன்றே என்பது புரியும்.

இங்கே மேலும் ஒரு படி உண்டு. அன்பளிப்பால் தீராத துன்பங்களுக்கு என்ன செய்வது? சிறுவர் சங்கத்தைச் சேர்ந்த மூன்று பையன்கள் ஒரே குளிர்காலத்தில், ஒரே தொழிற்சாலையில், ஒரே இயந்திரத்தில் காயமுற்றனர். அவர்களில் ஒருவன் இறந்தான். சில டாலர் செலவில் பொருத்தக்கூடிய பாதுகாப்புத் தடுப்பு அந்த இயந்திரத்தில் இல்லை. உரிமையாளர்கள் தம்மைப் போலவே பதறுவார்கள் என்று நம்பிச் சென்ற தொண்டர்கள், எதுவும் செய்யப்படாததைக் கண்டு திகைத்தனர். அங்கிருந்துதான் ஹல் ஹவுஸ் சட்டத்தின் பக்கம் திரும்பியது. அங்கே தங்கியிருந்த ஃப்ளாரன்ஸ் கெல்லியின் பெருமுயற்சியால், 14 வயதுக்குட்பட்ட சிறுவர்களை ஆலைகளில் அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் 1893-இல் இல்லினாயில் நிறைவேறியது. கெல்லியே மாநிலத்தின் முதல் தலைமைத் தொழிற்சாலை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். குழந்தைகளின் கூலியை நம்பியிருந்த பெற்றோர் சிலருக்கும் அச்சட்டம் கசந்தது. அன்பு எப்போதும் நன்றியைப் பெற்றுத் தருவதில்லை.

அச்சட்ட முயற்சியின்போது, தொழிலதிபர்கள் சங்கத்தின் சார்பில் ஒரு செய்தி வந்தது. சட்டத்துக்கான கிளர்ச்சியைக் கைவிட்டால், ஹல் ஹவுஸின் பணிகளுக்கு 50,000 டாலர் நன்கொடை கிடைக்கும்! ஆடம்ஸ் மறுத்துவிட்டார். அவர் மறுத்ததைவிட, அப்போது அவர் உள்ளத்தில் எழுந்த விசாரணை உயர்ந்தது. மாநில சட்டமன்றத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய தம் தந்தையிடம் லஞ்சம் நீட்ட எவரும் துணிந்ததில்லை. அப்படியிருக்க, தம்மிடம் துணிந்தார்கள் என்றால் தம்மில் என்ன குறை? இவ்வாறு அவர் பிறர் மேல் சினம் கொள்வதற்கு முன் தம்மைச் சோதித்தார்.

மற்றொரு சமயம், உழைக்கும் பெண்களுக்கான விடுதிக் கட்டடத்துக்கு 20,000 டாலர் அளிக்க ஒருவர் முன்வந்தார். தம் நிறுவனத்தில் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுப்பவர் என்று பெயர் பெற்றவர் அவர். அந்தப் பணமும் மறுக்கப்பட்டது. ஆனால் எல்லாச் செல்வந்தரும் இவ்வாறு நடந்துகொள்ளவில்லை. ஹல் ஹவுஸுக்கு அருகே வில்லியம் கென்ட் என்ற இளைஞருக்குச் சொந்தமான வீடுகள் மிக மோசமான நிலையில் இருந்தன. பொதுக் கூட்டத்தில் வெளிப்படையாகக் கண்டிக்கப்பட்ட அவர், பகை கொள்ளாமல், நேரில் வந்து நிலைமையைக் கண்டு, அவ்விடத்தை ஹல் ஹவுஸின் பொறுப்பில் விட்டார். வீடுகள் இடிக்கப்பட்டன, 1890-களின் நடுப்பகுதியில் அங்கே குழந்தைகளின் விளையாட்டுத் திடல் அமைந்தது. நன்கொடையாளரும் பாத்திரமாக முடியும் என்பதற்கு அவர் சான்று.

எல்லாவற்றினும் கனமான நிகழ்ச்சி 1893-94 குளிர்காலத்தில் நடந்தது. சர்வமத மகாசபை கூடிய 1893-ஆம் ஆண்டு இந்திய அன்பர்களுக்கு நன்கு தெரியும். அதே ஆண்டில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்டதும், உலகக் கண்காட்சி முடிந்தபின் சிகாகோ வீதிகள் வேலையற்றோரால் நிரம்பியதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நிவாரண நிலையத்தில், வேலை கிடைக்கும் வாய்ப்பு உள்ளவருக்கு உதவி வழங்கலாகாது என்று ஒரு விதி இருந்தது. விதி நியாயமானதே. சோம்பலை வளர்க்காமல் உதவ வேண்டுமல்லவா?

சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து வேலை இழந்த ஒருவர், குடும்பத்துக்கு உதவி கேட்டுச் சிலமுறை வந்தார். நகரின் கழிவுநீர்க் கால்வாய் வெட்டும் பணியில் ஆள் எடுக்கிறார்கள், முதலில் அங்கே முயன்று பாருங்கள் என்று ஆடம்ஸ் கூறினார். தாம் எப்போதும் கட்டடத்துக்குள்ளேயே வேலை செய்து பழகியவர் என்றும், குளிர்காலத்தில் வெட்டவெளி வேலையைத் தம் உடல் தாங்காது என்றும் அவர் சொன்னார். ஆடம்ஸ் கடுமையாகப் பேசவில்லை. கடுமை காட்டும் அளவுக்குத் தமக்கே உறுதியில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆனாலும் விதியை விடவில்லை. அந்த மனிதர் மறுபடி உதவி கேட்டு வரவில்லை. இரண்டு நாள் கால்வாயில் மண் வெட்டினார். நிமோனியா கண்டது. ஒரு வாரத்தில் இறந்தார்.

அவர் விட்டுச் சென்ற இரண்டு குழந்தைகளையும் ஆடம்ஸ் பின்னர் கண்காணிப்பிலிருந்து விடவேயில்லை. அவர்களைக் காணும்போதெல்லாம், தாம் கற்ற பாடத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களே என்ற கசப்பான உணர்வு அவருக்கு எழுந்தது. மனித வாழ்க்கையை வரையறுத்த விதிகளால் நிர்வகிக்க முடியாது. ஒருவருடைய துன்பத்தைத் தீர்க்க முற்படுபவர் அவருடைய வாழ்க்கையையும் பழக்கங்களையும் முழுமையாக அறிந்திருக்க வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

இவ்விடத்தில் கர்மயோக சாதகருக்கு ஒரு சங்கடமான கேள்வி எழ வேண்டும். தன்னலமற்ற சேவை சித்தசுத்தியைத் தருகிறது என்பது சாஸ்திர சம்மதம். சேவை செய்பவருக்கே முதல் நன்மை என்றும் அன்பர்களுக்கு அடிக்கடி நினைவூட்டப்படுகிறது. இது உண்மை. ஆனால், 'என் மனம் தூய்மையடைவதற்காகவே இந்தக் குழந்தைக்குப் புத்தகம் வாங்கித் தருகிறேன்' என்று எண்ணும்போது, அக்குழந்தை ஒரு படிக்கட்டாகிவிடுகிறதே! பயனைத் துறந்ததாகக் கருதும் மனம், தூய்மை என்னும் நுண்ணிய பயனைப் பற்றிக்கொள்கிறது. ராஜஸம் சாத்விகத்தின் ஆடையை உடுத்தி வருவது இவ்வாறுதான்.

ஆடம்ஸ் இதை மறைக்கவில்லை. 1892-இல் ஆற்றிய ஓர் உரையில், இத்தகைய நிலையங்கள் ஏழைகளுக்குத் தேவைப்படுவதைப் போலவே, படித்தும் செயலின்றித் தவிக்கும் இளைஞர்களுக்கும் தேவைப்படுகின்றன என்று ஒப்புக்கொண்டார். தேவை இருபுறமும் இருக்கிறது என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டவருக்கு, 'கொடுக்கிறேன்' என்ற அகங்காரம் நிற்க இடம் குறைந்துபோகிறது. சித்தசுத்தி விளையட்டும், அது நோக்கமாக இருக்க வேண்டியதில்லை. எழுத்தர் இறந்த பின்னர் ஆடம்ஸின் கவலை தம் மனநிலையைப் பற்றியதன்று; எதை அறியத் தவறினோம் என்பதைப் பற்றியது.

1896-இல் அவர் ரஷ்யாவில் டால்ஸ்டாயைச் சந்தித்தார். வயலிலிருந்து வந்த டால்ஸ்டாய், அவருடைய உடையின் அகன்ற கைப்பகுதியைப் பிடித்து இழுத்து, அதிலுள்ள துணியில் ஒரு சிறுமிக்குக் கவுன் தைக்கலாமே என்றார். உணவு எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டார். தொலைவில் உள்ள பண்ணை ஒன்றிலிருந்து வருமானம் வருகிறது என்று சொன்னதும், அப்படியானால் நீங்களும் நிலத்தில் வாழாத நிலக்கிழார்தானே என்று கடிந்துகொண்டார். கலங்கிய ஆடம்ஸ், ஊர் திரும்பியதும் நாள்தோறும் காலையில் இரண்டு மணி நேரம் ஹல் ஹவுஸின் அடுமனையில் தாமே ரொட்டி சுடுவதென்று உறுதி பூண்டார். சிகாகோ வந்து சேர்ந்ததும் அத்தீர்மானம் கரைந்துபோயிற்று. காலை உணவுக்குப்பின் தம்மைக் காணக் காத்திருக்கும் மக்களையும், திறக்கப்படாத கடிதங்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, தம் ஆன்மாவைக் காக்க ரொட்டி சுடுவதா என்று அவருக்குத் தோன்றியது. டால்ஸ்டாயின் தவம் பெரிது. ஆயினும் இவ்விஷயத்தில் ஆடம்ஸின் விவேகமே கர்மயோகத்துக்கு நெருக்கமானது.

ஏனெனில், உடலுழைப்பை அவர் தவிர்க்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டாகிய 1895-இல் தம் வார்டின் குப்பை அகற்றும் பணிக்கு மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்ட அவர், காலை ஆறு மணிக்கே எழுந்து குப்பை வண்டிகளைப் பின்தொடர்ந்திருக்கிறார். ஒரு குறுகிய தெருவில், பதினெட்டு அங்குலக் குப்பைக்கு அடியில் தளம் போட்ட சாலை இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது! நகரின் இறப்பு விகிதப் பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருந்த அந்த வார்டு ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

அறிதல் முதிரும்போது, கொடுப்பதன் வடிவமே மாறுவதையும் ஹல் ஹவுஸில் காணலாம். புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் கற்று, அமெரிக்க உடை உடுத்தி, தங்கள் தாய்மாரைக் கண்டு வெட்கப்படத் தொடங்கினர். பள்ளிக்கூடம் பிள்ளைக்கு எழுத்தைக் கொடுத்துத் தாயை எடுத்துக்கொண்டது. உதவித்தொகை வழங்கும் எந்த நன்கொடையாளரின் கணக்கிலும் இந்த இழப்பு வருவதில்லை. வயதான இத்தாலியப் பெண் ஒருவர் வீதியோரத்தில் அமர்ந்து தக்ளியைப் போன்ற குச்சியில் நூல் நூற்பதைக் கண்ட ஆடம்ஸுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. 1900-இல் ஹல் ஹவுஸில் தொழிற்கலைக் காட்சியகம் ஒன்று தொடங்கப்பட்டது. பல நாட்டுப் பெண்கள் அங்கே நூற்றும் நெய்தும் காட்டினர். அதுவரை உதவி பெற்றவர்கள் இப்போது ஆசிரியர்களாக அமர்ந்தனர்.

சனிக்கிழமை மாலைகளில் ஓர் இத்தாலியச் சிறுமி சமையல் வகுப்புக்கு வருவாள். அவளுடைய தாய் அதே நேரத்தில் காட்சியகத்தில் நூற்பதற்காக வருவார். தலையில் துணி கட்டி, முரட்டுக் காலணி அணிந்த தாயோடு தன்னை எவரும் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்று, மகள் எப்போதும் வேறொரு கதவு வழியாக நுழைவாள். ஒரு நாள் கல்வித்துறையிலிருந்து வந்த பார்வையாளர்கள் தாயைச் சூழ்ந்து நின்று அவர் நூற்பதை வியந்து பாராட்டினர். அதைக் கண்ட மகள், தன் தாய் உண்மையிலேயே அவ்வளவு திறமைசாலியா என்று ஆடம்ஸிடம் கேட்டாள். தாய் வளர்ந்த இத்தாலியக் கிராமத்தைப் பற்றியும், அங்கே பெண்கள் கூடி நூற்ற முறையைப் பற்றியும், அத்தனையையும் விட்டு இந்த நெரிசலான நகருக்கு அவர் வர நேர்ந்ததைப் பற்றியும் ஆடம்ஸ் அவளுக்குச் சொன்னார்.

பின்னர் ஒரு சனிக்கிழமை மாலை, தாய் நுழைந்த கதவு வழியாகவே மகளும் உள்ளே வந்தாள்.